மேனேஜருக்கு ஒரு கட்டம்

அந்தக் காகிதத்தைச் சுவரில் அறைய நான்கு ஆணிகள் பிடித்தன. நான்கும் புது ஆணிகள். புகைக்கூடத்தில் ரப்பர் சீட்டுகளை, உறைந்த பால் தகடுகளை, உலரத் தொங்கவிடும் மூங்கில் சட்டங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழ, ஆணி இல்லாமல் இரண்டு மாதமாகக் காட்டுக்கொடியை அறுத்துக் கட்டிச் சமாளித்துக்கொண்டிருந்தார் ஆலைக் கணக்குப்பிள்ளையான கிராணி அமலநாதன். யோங் பெங் கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்கியும் கிடைக்காத ஆணி, ஒரு காகிதத்தின் நான்கு மூலைகளுக்குக் கிடைத்துவிட்டது. சுத்தியலைக் கீழே வைத்த மேனேஜர் டெஸ்மண்ட் இரண்டடி பின்வாங்கி, பெண் பார்க்க வந்தவனைப் போலத் தலையைச் சாய்த்துச் சாய்த்து அதைப் பார்த்தான்.

"எப்டி இருக்கு, மிஸ்டர் அமலநாதன்?"

"கோணாம இருக்கு சார்."

ஜொகூர் பாருவிலிருந்த ஜப்பான் கம்பெனியின் தலைமை அலுவலகம் தயாரித்த மூன்றாண்டுத் திட்டம் அது. நடுவில் ஒரு சிவப்பு வட்டம். வட்டத்திலிருந்து நான்கு அம்புகள். ஒன்று ரப்பர் சீட்டு. அடுத்தது ரப்பரைக் காய்ச்சி இறக்கும் எண்ணெய். மூன்றாவது மரவள்ளியும் ஆமணக்கும். நான்காவது ஆள்பலம். ஒவ்வோர் அம்பின் முனையிலும் ஓர் எண். ஜப்பான் எழுத்துகளுக்குக் கீழே டெஸ்மண்ட் தன் அழகான சாய்வெழுத்தில் மலாயில் அர்த்தம் எழுதியிருந்தான். அமலநாதன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் படித்தார். மரம் இருந்தது, டின் இருந்தது, மூலையில் ஒரு கப்பல்கூட இருந்தது. ஆலை இல்லை. பால் எப்படிச் சீட்டாகிறது, சீட்டு எப்படி எண்ணெயாகிறது என்பதற்கு அந்தக் காகிதத்தில் ஒரு கோடு இல்லை. அம்பு மரத்திலிருந்து கிளம்பி நேராகக் கப்பலில் போய் ஏறிக்கொண்டது.

"இதுதான் ஸ்ட்ரேட்டஜி," என்றான் டெஸ்மண்ட். ஜப்பான்காரர்களுக்கு ஆகாத இங்கிலீஷ் சொல் வாயில் வந்துவிட்டதற்காக வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். "நம்ம தோட்டம் இனிமே வெறும் தோட்டம் இல்லலா. பெரிய திட்டத்துல ஒரு அங்கம்."

"சரி சார். அந்தக் கப்பல் எப்ப வருது?"

"அதெல்லாம் மேலிடத்து வேல. நீங்க ஆலையப் பாருங்க."

அமலநாதன் ஆலையைப் பார்க்கப் போனார். பத்தொன்பது வருடமாக அவர் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

மலாயாவில், யோங் பெங்கிலிருந்து ஆறு மைலில் இருந்த அந்தத் தோட்டத்தைத் தமிழர்கள் இரட்டைப்பாலத் தோட்டம் என்பார்கள். வெள்ளைக்காரத் துரை அதற்கு ஸ்காட்லாந்திலிருந்து ஒரு பெயரைக் கொண்டுவந்து வைத்திருந்தான். ஜப்பான் படை வந்து இறங்கிய நாற்பத்தொன்று டிசம்பரில் அவன் நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூருக்கு ஓடியபோது அந்தப் பெயரும் கூடப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குமேல் மேனேஜர் என்று யாரும் இல்லாமல் தோட்டம் ஓடியது. பழைய காலத்தில் பாதியளவுக்குத்தான் பால் வந்தது. ஆனாலும் ஓடியது. பாலை உறைய வைக்கும் அமிலம் தீர்ந்துபோனபோது, தேங்காய்த் தண்ணீரைப் பானையில் நாலைந்து நாள் புளிக்கவைத்து ஊற்றினால் பால் திரள்கிறது என்று கண்டுபிடித்தவர் அமலநாதன். எத்தனை நாள், எத்தனை பானை, ஒரு வாளிப் பாலுக்கு எத்தனை கொட்டாங்கச்சி என்பதற்கு நாற்பது தடவை பாலைக் கெடுத்துப் பார்த்திருந்தார். சுவரில் தொங்கிய திட்டத்தில் அந்த நாற்பது தடவைக்கும் சேர்த்து 'உள்ளூர் மாற்றுப் பொருள்' என்று மூன்று சொல்லும் ஒரு சரிக்குறியும் இருந்தன.

அமலநாதனுக்கு மனிதர்கள்மேல் பெரிய மதிப்பு எதுவும் கிடையாது. ஓடிய துரையை அவர் மதிக்கவில்லை. வந்த ஜப்பான்காரனையும் மதிக்கவில்லை. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்களைப் பற்றி, சொன்னதைச் செய்யும் கை, சொல்லாததை யோசிக்காத தலை என்று நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும் கத்தோலிக்கக் கிராணிமார்களை, முழங்காலில் நிற்கும்போதுகூடத் தங்கள் காற்சட்டை மடிப்பைப் பார்ப்பவர்கள் என்று நினைத்தார். மனைவியையும் இரண்டு பெண்களையும் மீன் கிடைக்கும் என்று பொந்தியானில் மைத்துனன் வீட்டில் விட்டிருந்ததால், இந்த நினைப்புகளை வீட்டில் கொட்டவும் ஆளில்லை. எல்லாம் உள்ளேயே கிடந்து புளித்தன.

இந்த வரிசையில் டெஸ்மண்டுக்குத் தனி இடம். முப்பத்திரண்டு வயது, தமிழ்க் கிறிஸ்தவன். சிங்கப்பூரில் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் கடிதம் எழுதும் மேசையில் இருந்தவன். பால்மரத்தில் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் வெட்டு இறங்கும் என்று தெரியாது. மூன்று மாத ஜப்பான் மொழி வகுப்பில் முதலாவதாகத் தேறியதற்குப் பரிசாக அவனுக்கு ஒரு தோட்டத்தைக் கொடுத்துவிட்டார்கள். வந்த முதல் வாரமே, ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டு நேரத்தை டோக்கியோ கடிகாரப்படி ஆறு மணி என்று மாற்றினான். டோக்கியோவின் ஆறு மணி இரட்டைப்பாலத்தில் கும்மிருட்டு. விளக்குக்கு எண்ணெய் இல்லாத தோட்டத்தில் நூறு பேர் இருட்டில் நின்று ஒருவரையொருவர் தடவிப் பார்த்துவிட்டு, விடிகிறவரை சும்மா குந்தியிருந்தார்கள். காகிதத்தில் மட்டும் வேலை ஒன்றரை மணி நேரம் முன்னதாகத் தொடங்கியது.

மே மாதத்தில் சீட்டு அளவை நூற்றுக்கு இருபது கூட்டச் சொல்லித் தாக்கீது வந்தது. ஜப்பான் கணக்கில் அது 2603ஆம் ஆண்டு. அப்போதே ஸ்டோர் நிறைந்து, மூடிக்கிடந்த பள்ளிக்கூடமும் நிறைந்து, பெஞ்சுகளை வெளியே தூக்கிப் போட்டுக் கூரைவரைக்கும் சீட்டு அடுக்கியிருந்தது. எடுத்துப் போக லாரியும் இல்லை, ஏற்றிப் போகக் கப்பலும் இல்லை. அமலநாதன் அலுவலகத்துக்குப் போய்ச் சுவருக்கு எதிரே நின்றார்.

"சார், இந்த மொத அம்பு நூத்துக்கு இருவது கூடுதலாப் பால் கேக்குது. மூணாவது அம்பு நாலாம் நம்பர் காட்டு மரத்தையெல்லாம் வெட்டிட்டு மரவள்ளி போடச் சொல்லுது. அந்த நாலாம் நம்பர்லதான் நல்ல பால்."

"அதனால?"

"மரத்த வெட்டிட்டு எதுலருந்து சார் பால் எடுக்குறது?"

டெஸ்மண்ட் சிரித்தான். தெரியாதவனுக்கு விளக்கப்போகிறவனின் சிரிப்பு. "மிஸ்டர் அமலநாதன், நீங்க கீழருந்து பாக்குறீங்க. இத மேலருந்து பாக்கணும்."

மேலிருந்து பார்த்தால் மரத்தின் இலைதான் தெரியும் என்று சொல்ல அமலநாதனுக்கு நாக்கு துடித்தது. ஏட்டுச் சுரைக்காயோடு வாதாடி யாருக்கும் கறி கிடைத்ததில்லை.

நான்காவது அம்பு ஜூன் முதல் வாரம் வந்து தைத்தது. முப்பது ஆண்கள், பதினைந்து நாளுக்குள், சயாம் ரயில் பாதைக்கு. முந்தின வருடமே அக்கம்பக்கத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் போயிருந்தார்கள். மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். ஒருவனிடமிருந்தும் ஒரு வரி வரவில்லை. காட்டில் பேதி கண்டு கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள் என்று பத்து பகாட் ஊரிலிருந்து மீன் கொண்டுவரும் மலாய்க்காரன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். சயாம் என்ற சொல்லை லயத்தில் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

டெஸ்மண்ட் அமலநாதனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னான். உட்காரச் சொன்னதே முதல் தடவை.

"எந்த முப்பது பேருன்னு நீங்கதான் சொல்லணும். உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியும். நான் யோசிச்சேன், மொதல்ல வெறகு வெட்டுற கேங்க அப்டியே குடுத்துடலாம். வெறகு வெட்ட யார வேணாலும் போட்டுக்கலாம், இல்லையா?"

விறகு இல்லாவிட்டால் புகை இல்லை. புகை இல்லாவிட்டால் சீட்டு பூஞ்சை பூத்துப்போகும். எண்ணெய் காய்ச்சும் பீப்பாய்க்கு அடியில் ராப்பகல் எரிய வேண்டியதும் அதே விறகுதான். எந்த மரத்துக் கட்டை நின்று எரியும், எது புகைந்து அணையும் என்று தெரிந்தவன் அந்தக் கும்பலில் வீரமுத்து ஒருத்தன். அவனை அனுப்பிவிட்டால் ஆலை பத்து நாளில் நின்றுவிடும். நின்ற ஆலைக்குக் கிராணி எதற்கு? அடுத்த லாரிக்கு முப்பத்தோராவது ஆள் யார் என்று அமலநாதனுக்குச் சந்தேகமே இல்லை. அவருக்கு வந்தது பயமில்லை, எரிச்சல். இந்த முட்டாள் ஒரு மாலைப்பொழுதில் பேனாவை உருட்டிப் பத்தொன்பது வருடத்தை நிறுத்திவிடுவான் என்ற எரிச்சல்.

"மூணு நாள் குடுங்க சார்," என்றார்.

மூன்று நாளும் பால் நிறுக்கும் மேசையில் உட்கார்ந்து, பழைய சம்பளச் சீட்டுகளின் பின்பக்கங்களை ஒட்டி ஒரு பெரிய தாள் செய்தார். சுவரில் இருந்த திட்டத்தில் அவர் ஒரே ஒரு அம்பைப் பிடித்துக்கொண்டார். எண்ணெய். சீட்டை எடுத்துப் போக நாதியில்லை, மரவள்ளி கிழங்கு விட ஒரு வருடமாகும், ஆனால் ராணுவ லாரிகளுக்கு எண்ணெய் இன்றைக்கு வேண்டும். ஜப்பான்காரனுக்கு உண்மையில் வலிக்கும் இடம் அதுதான். ஆகவே தாளின் உச்சியில் 'நாளுக்கு மூன்று பீப்பாய் எண்ணெய்' என்று எழுதினார். அதற்குக் கீழே கட்டம் கட்டமாக இறங்கினார். மூன்று பீப்பாய்க்கு எத்தனை சீட்டு, அத்தனை சீட்டுக்கு எவ்வளவு பால், அவ்வளவு பாலுக்கு எத்தனை நெறை மரம், எத்தனை கத்தி. புளித்த தேங்காய்த் தண்ணீர் பிடிக்க எத்தனை பேர். சீட்டு அழுத்தும் உருளை சுற்ற, புகை போட, விறகு வெட்ட, விறகு சுமக்க, அடுப்புப் பார்க்க, குழாயைக் குளிரவைக்கத் தண்ணீர் ஊற்ற. ஒவ்வொரு கட்டத்திலும் பெயர்கள். எந்தக் கட்டத்தில் ஓர் ஆள் குறைந்தாலும் உச்சியில் இருக்கும் மூன்று எத்தனையாகக் குறையும் என்று ஓரத்தில் எழுதினார்.

பாதி பொய். விறகுக்கு ஐந்து பேர் போதும், பதினொன்று போட்டார். தண்ணீர் ஊற்ற ஒருவன் போதும், நான்கு பேர். முதுகு வளைந்த கிழவர்களுக்கும் நெஞ்சுச்சளிக்காரர்களுக்கும் 'நெருப்புக் காவல்' என்று ஒரு வேலையை உண்டாக்கினார். யார்மேலும் இரக்கப்பட்டு அவர் இதைச் செய்யவில்லை. அல்லது, செய்யும்போது இரக்கம் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒரு மடத்தனமான காகிதத்துக்கு எதிராக ஒரு கெட்டிக்காரத்தனமான காகிதத்தைத் தயாரிக்கும் சந்தோஷம்தான் இருந்தது. வருடக்கணக்கில் அப்படியொரு சந்தோஷம் அவருக்கு வந்ததில்லை. கடைசி நாள் தோட்டத்து ரேஷன் பட்டியலை வைத்து ஆண்களின் பெயர்களைச் சரிபார்த்தார். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. தன் பெயரையும் ஆலைக் கட்டத்தில் எழுதிய பிறகு ஒன்று மிஞ்சியது. டெஸ்மண்ட். பேனாவை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழ்வரை தேடினார். மேனேஜர் எந்தக் கட்டத்திலும் பொருந்தவில்லை. அவனால் ஒரு சொட்டு கூடவுமில்லை, ஒரு சொட்டு குறையவுமில்லை. அமலநாதனுக்குச் சிரிப்பு வந்தது. கொட்டகையில் தனியாக உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தார். சிரித்துவிட்டுத் தாளைச் சுருட்டினார்.

ஜொகூர் பாருவிலிருந்து வந்த கம்பெனி அதிகாரி நகாட்டா ராணுவத்தான் இல்லை. ஒல்லியாக, தடித்த மூக்குக்கண்ணாடியோடு இருந்தான். கோபே பக்கம் ரப்பர்ச் செருப்பு செய்யும் ஆலையில் இருந்தவனாம். டெஸ்மண்ட் சுவரில் இருந்த திட்டத்தைக் காட்டி ஜப்பான் மொழியில் நீளமாகப் பேசினான். நகாட்டா தலையாட்டிக்கொண்டே வெளியே பார்த்தான். பிறகு அமலநாதனின் தாளை மேசைமேல் விரித்தார்கள்.

நகாட்டா குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. விரலை உச்சியில் வைத்து ஒவ்வொரு கட்டமாக இறங்கினான். புளித்த தேங்காய்த் தண்ணீரில் விரல் நின்றது. எத்தனை நாள் என்று ஓட்டை மலாயில் கேட்டான். நான்கு, மழைக்காலத்தில் ஐந்து என்றார் அமலநாதன். ஏன் ஐந்து என்று கேட்டான். சொன்னார். ஆலைக்குப் போகலாம் என்றான். அங்கே ஒரு ஈரச் சீட்டை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தான், காது மடலைப் பிடிப்பதுபோல ஓரத்தைக் கிள்ளிப் பார்த்தான், மோந்தும் பார்த்தான். இந்தப் பத்தொன்பது வருடத்தில் எந்தத் துரையும் சீட்டை மோந்து பார்த்ததில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அமலநாதனுக்குத் தனக்கு மேலே இருந்த ஒரு மனிதன்மேல் மரியாதை வந்தது. அது ஒரு ஜப்பான்காரன்மேல் வந்ததே என்று கூச்சமாகவும் இருந்தது.

"பாகுஸ்," என்றான் நகாட்டா அலுவலகத்துக்குத் திரும்பியதும். நல்லது. இதுதான் திட்டம். முப்பது பேரை இங்கிருந்து எடுத்தால் எண்ணெய் நிற்கும், எடுக்கமாட்டேன். பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய் இல்லை, முப்பதையும் அங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பக்கத்துத் தோட்டம். அமலநாதன் மூன்று நாளும் அதை நினைக்கவில்லை. அவர் தாளில் அதற்கு இடமில்லை.

நகாட்டா ரேஷன் பட்டியலைக் கேட்டு வாங்கினான். பென்சிலால் பெயர் பெயராகத் தட்டிக்கொண்டே போனான். "சத்து ஓராங் தாக் அடா," என்றான். ஓர் ஆள் இல்லை.

டெஸ்மண்டுக்கு முதலில் புரியவில்லை. சிரித்த முகத்தோடு தானும் குனிந்து தேடினான். வெட்டுக்காரர்களின் கட்டம், உருளைக் கட்டம், விறகுக் கட்டம். அவன் விரல் இறங்க இறங்கச் சிரிப்பு அப்படியே இருந்தது, அதற்குப் பின்னால் இருந்த முகம் மட்டும் எங்கோ போய்விட்டது. 'நெருப்புக் காவல்' வரைக்கும் போய், அங்கே எட்டுக் கிழவர்களின் பெயரை ஒவ்வொன்றாகப் படித்தான்.

நகாட்டா அமலநாதனைப் பார்த்துக் கேட்டான், கோபமில்லாமல், தேங்காய்த் தண்ணீரைப் பற்றிக் கேட்ட அதே குரலில். இந்த ஆள் இல்லாவிட்டால் ஆலை நிற்குமா?

எல்லாவற்றுக்கும் தலைமை அவர், கட்டத்துக்கு மேலே இருக்கிறார் என்று ஒரு வாக்கியம் மலாயில் தயாராக நாக்கு நுனியில் இருந்தது. பதினொரு விறகுவெட்டிக்குக் கூசாமல் பொய் எழுதியவருக்கு இது பெரிய காரியமில்லை. ஆனால் கேட்டவன் தொழில் தெரிந்தவன். தொழில் தெரிந்தவன் ஒருவன் முதல் தடவையாக அவரிடம் ஒரு தொழில் கேள்வி கேட்கிறான். நான்கு ஆணிகளும், இருட்டில் குந்தியிருந்த நூறு பேரும், 'கீழருந்து பாக்குறீங்க' என்ற அந்தச் சிரிப்பும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"தாக், துவான்," என்றார். நிற்காது.

நான்காம் நாள் காலை ஒன்பது மணிக்கு லாரி வந்தது. பக்கத்துத் தோட்டத்து முப்பது பேரை ஏற்றிக்கொண்டே வந்தது. கருகின ரப்பர் வாடை முன்னால் வந்தது, லாரி பின்னால் வந்தது. லாரி ஓடியது இந்த ஆலை எண்ணெயில்தான். லயத்து ஆட்கள் பாதையோரம் வரிசையாக நின்றார்கள். யாரும் அழவில்லை. தங்களுக்குப் பதிலாகப் போகிறவர்களுக்கு எதிரே நின்று அழ என்ன உரிமை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வீரமுத்துவின் மனைவி கருப்பாயி மட்டும் லாரியோடு ஒட்டி நடந்து, மேலே இருந்த ஒருவனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காவலன் தட்டிவிட்டதும் நேராக அமலநாதனிடம் வந்தாள்.

"எம் புருசனக் காப்பாத்துனது நீங்கதானாம், எல்லாரும் சொல்றாங்க," என்றாள். "நல்லாருங்கய்யா. அந்த லாரில போறது எந்தம்பி."

அவள் வாழ்த்தினாளா வைதாளா என்று தெரியவில்லை. பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

முப்பத்தோராவது ஆளாக டெஸ்மண்ட் ஒரு தகரப் பெட்டியோடு அலுவலகப் படியில் நின்றான். காலணிக்குப் பாலிஷ் போட்டிருந்தான். அவன் மனைவி வினிஃப்ரெட் பங்களாவை விட்டு வெளியே வரவில்லை. ஜன்னலில் ஒரு திரை அசையாமல் தொங்கியது. அமலநாதன் ஏதாவது சொல்லவேண்டும் என்று கிட்டே போனார். டெஸ்மண்டே முந்திக்கொண்டு பேசினான். குரலில் கோபமில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவன்போல இருந்தது.

"ஒரு கட்டம் போட்டிருக்கலாமேலா, மிஸ்டர் அமலநாதன். மேனேஜர்னு. சின்னதா ஒரே ஒரு கட்டம்."

"எனக்குத் தோணல சார்," என்றார் அமலநாதன். அது பொய் என்று இருவருக்கும் தெரிந்தது.

லாரியில் ஏற டெஸ்மண்டுக்குத் தெரியவில்லை. பெட்டியை முதலில் போடுவதா, காலை முதலில் வைப்பதா என்று தடுமாறினான். மேலே இருந்த ஒரு வெட்டுக்காரன், அவனை அதற்குமுன் பார்த்தே இராதவன், கையைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டான்.

அடுத்த வாரம் ஜொகூர் பாருவிலிருந்து புதுத் தாக்கீது வந்தது. இரட்டைப்பாலத் தோட்டத்தின் கட்டத்தாள் எல்லாத் தோட்டங்களுக்கும் முன்மாதிரியாக அனுப்பப்படும். அமலநாதன் பொறுப்பு மேனேஜர். எண்ணெய் நாளுக்கு மூன்று பீப்பாயிலிருந்து ஐந்து. இனி அரிசி, உப்பு, துணி எதுவும் கட்டத்தில் பெயர் இருப்பவர்களுக்கு மட்டும். அந்தக் கடைசி வரியை நகாட்டா தன் கையாலேயே சேர்த்திருந்தான். ஒரு நல்ல யோசனையை அதன் முடிவுவரை இழுத்துக்கொண்டுபோகும் தொழில்காரனின் நேர்த்தி அதில் இருந்தது. அமலநாதன் அதை இரண்டு தரம் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். டெஸ்மண்டின் நாற்காலி. ஒரு கால் ஆடியது. இத்தனை நாள் அவன் அதன்மேல் சாயாமலே உட்கார்ந்திருந்திருக்கிறான்.

எல்லாத் தோட்டங்களிலும் இனி இப்படியொரு தாள் விரியும். ஒவ்வொரு தாளுக்கு வெளியிலும் சில பெயர்கள் மிஞ்சும். அவற்றை எழுதாமல் விட்ட பேனா எதுவென்று யாரும் கேட்கப்போவதில்லை.

திங்கட்கிழமை பெரட்டு முடிந்து ஆட்கள் கலையும்போது வினிஃப்ரெட் அலுவலகத்துக்கு வந்தாள். ஜொகூர் பாருவில் கன்னியர் பள்ளியில் படித்தவள். தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து லயத்துப் பக்கம் ஒரு தரம்கூட இறங்கியதில்லை. அமலநாதன் எழுந்து நின்றார்.

"உக்காருங்கம்மா."

"வேணாம். ஸ்டோர்ல எனக்கு அரிசி இல்லன்னுட்டாங்க. பேரு கட்டத்துல இல்லையாம். அது உங்க கட்டமாமே."

"நீங்க இங்க ஆபீசுல இருக்கலாம். கடிதம் கிடிதம் எழுதறதுக்கு..."

"அதுக்குக் கட்டம் இருக்கா?"

இல்லை. அலுவலகத்துக்கு என்று அவர் கட்டம் எதுவும் போட்டிருக்கவில்லை. அவள் காத்திருந்தாள். கெஞ்சுகிற நிலையில் இருப்பவள் பார்க்கும் பார்வை இல்லை அது. சந்தையில் அழுகிய மீனை விற்பவனைப் பார்க்கிற பார்வை. அமலநாதனுக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். தான் மற்றவர்களைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவர் அதுவரை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

"எது காலியா இருக்கு?" என்று கேட்டாள்.

"உருளை சுத்துறதுக்கு ஒரு ஆள் வேணும். ஆனா அது உங்களுக்கு..."

"எழுதிக்குங்க. வினிஃப்ரெட். வி-யில ஆரம்பிக்காதீங்க, டபிள்யூ."

பதினோரு மணிக்குப் பால் வந்து, வடிகட்டி, ஊற்றி, முந்தின நாள் திரண்டது எல்லாம் உருளைக்கு வந்திருந்தது. அமலநாதன் ஆலைக்குள் போனபோது கருப்பாயி திரண்ட பால்கட்டியை உருளைகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டிருந்தாள். வினிஃப்ரெட் இரண்டு கையாலும் இரும்புச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பட்டன் வைத்த நீளக்கை ரவிக்கை தோள்வரைக்கும் நனைந்திருந்தது. இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் தள்ளுவதும் சுற்றுவதும் எப்படியோ ஒரு தாளத்துக்கு வந்திருந்தன. மறுபக்கம் சீட்டை வாங்கிப் போடவேண்டிய பெண் காய்ச்சல் என்று வரவில்லை. வேறு ஆள் இல்லை. எல்லாரும் அவரவர் கட்டத்தில் இருந்தார்கள்.

"கொஞ்சம் நிறுத்துங்கம்மா," என்றார் அமலநாதன். "நீங்க சீட்டு பொறுக்குற பக்கம் போங்க. இது ஆம்பளைங்களே முக்குற வேல."

வினிஃப்ரெட் நிறுத்தவில்லை. "என் பேரு இங்கதான எழுதியிருக்கு?" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு.

கருப்பாயியும் தலையைத் தூக்கவில்லை. அடுத்த கட்டியைத் தள்ளினாள். சக்கரம் சுற்றியது. வெள்ளைச் சீட்டு உருளையிலிருந்து வழுவழுவென்று இறங்கி, வாங்க ஆளில்லாமல் மண்தரையை நோக்கித் தொங்கியது. மண் பட்டால் சீட்டு பாழ். பத்தொன்பது வருடத்துப் பழக்கம் அவரை யோசிக்க விடவில்லை. அமலநாதன் பாய்ந்து இரண்டு கையிலும் அதை ஏந்தினார். வாங்கி முழங்கையில் போட்டுக்கொள்வதற்குள் அடுத்தது இறங்கியது. அதையும் வாங்கினார். வைக்க ஒரு பலகை வேண்டும் என்று சுற்றும் பார்த்தார். பலகையெல்லாம் நிறைந்திருந்தது. புளித்த தேங்காய்த் தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து சட்டைக்குள் இறங்கியது. சக்கரம் நிற்கவில்லை. கைநிறைய ஈரச் சீட்டோடு அவர் நின்றுகொண்டிருக்க, இன்னொன்று உருளையில் நுனி நீட்டியது.